பதில்: எஸ்எஸ்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘வட்டு’ வேண்டாம், ‘திண்மச் சேமிப்பி’ என்போம்

வணக்கம்.

எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ கருவிக்கு, என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ‘திடநிலை வட்டு’, ‘திண்மநிலை இயக்ககம்’, ‘சில்லுச் சேமிப்பகம்’, அப்புறம் ‘எஸ்எஸ்டி என்றே விட்டுவிடலாம்’ என்ற கட்சி. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் ‘வட்டு’ வரக் கூடாது. இது சொல்லழகைப் பற்றிய பேச்சு இல்லை. அந்தப் பெயரைக் கேட்டு, பழைய வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) நடத்தியது போலவே இதையும் நடத்துகிறார்கள், அதுதான் என் கவலை.

தாய்ப்பலகையில் நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். ஒரு முனையில் பொன்னிறப் பற்கள், மறுமுனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு, அதில் ஒரே ஒரு சின்னத் திருகாணி உட்காரும். ஒட்டுத்தாளுக்கு அடியில் சில கறுப்பு நினைவகச் சில்லுகள், ஒரு கட்டுப்படுத்தி, சிலவற்றில் கூடவே தற்காலிக நினைவகமாக ஒரு டிராம் சில்லு, அவ்வளவுதான். சுழல்வதற்கு அதில் எதுவும் இல்லை. வன்தட்டின் கதை வேறு: தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும், படிக்கும் முனை அதன் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும், கேட்ட இடத்துக்குப் போய்ச் சேர 10 மில்லிநொடி அளவுக்கு ஆகும். 1956-இல் ஐபிஎம்மின் ராமாக் கணினியோடு வந்த முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. அந்தப் பரம்பரைக்கு வட்டு, தட்டு எல்லாம் பொருத்தமான பெயர்கள்தான், அவற்றை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

தெரிந்தவர் ஒருவர் புது மடிக்கணினியில் வாராவாரம் ‘வட்டு ஒழுங்குபடுத்தும்’ நிரல் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், வட்டு என்றால் சீராக்கத்தானே வேண்டும் என்றார். வன்தட்டில் அது சரி, கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் முனை அங்குமிங்கும் ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு முனையே இல்லை, அதனால் பயனும் இல்லாததுபோலத்தான், எழுதி எழுதி, தரவைத் தாங்கும் நுண்ணிய கண்ணறைகள் தேய்வதுதான் மிச்சம். விண்டோஸ் பொதுவாக இதை அறிந்து, எந்தப் பகுதிகள் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் ஆணையை மட்டும் அனுப்பிவிடுகிறது, வெளியிலிருந்து இறக்கிய நிரல் எல்லாம் அப்படி யோசிக்கும் என்று சொல்ல முடியாது. அழித்த கோப்பை மீட்கும் நம்பிக்கையும் இப்படித்தான். வன்தட்டில் மேலெழுதும் வரை அது அங்கேயே கிடக்கும், எஸ்எஸ்டியில் டிரிம் ஓடிவிட்டால் பெரும்பாலும் போனது போனதுதான்.

இதைவிட முக்கியம் பெட்டிக்குள் போட்டு வைப்பது. எஸ்எஸ்டியில் தரவு என்பது மின்காப்புக்கு நடுவே சிறைப்பட்ட மின்னூட்டம், மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த பிறகும், 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் வீட்டுப் பயன்பாட்டு வகைக்கு, மின்னணுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். புதிதாக இருப்பது இன்னும் பல காலம் தாங்கும், ஆனாலும் குடும்பப் படங்களுக்கான ஒரே பிரதியை எஸ்எஸ்டியில் ஏற்றி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்த வேலைக்கு இன்றும் வன்தட்டுதான் எனக்குப் பிடித்தது.

பெயருக்கு வருகிறேன். ‘திட’ என்று போட்டால் பேச்சுத் தமிழில் உறுதியானது, கீழே விழுந்தாலும் தாங்கும் என்ற பொருள்தான் முதலில் வரும். அதிர்ச்சி தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. வெற்றிடக் குழல்களில் மின்னணுக்கள் வெற்றிடத்தில் பாய்ந்தன. குறைக்கடத்திகளில் அதே வேலை ஒரு திண்மப் பொருளுக்குள்ளேயே நடக்கிறது. அந்த வேறுபாட்டைச் சொல்ல வந்த அடைமொழிதான் ‘சாலிட் ஸ்டேட்’. இயற்பியல் பாடத்தில் திண்மம் என்றே படித்திருக்கிறோம், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

‘டிரைவ்’ என்பதற்கு ‘இயக்ககம்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. தட்டைச் சுழற்றும் பொறி உள்ளே இருந்தபோது அதற்குக் காரணம் இருந்தது, இப்போது இயக்குவதற்கு என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, வன்பொருளை இயங்க வைக்கும் மென்பொருளுக்கு ‘இயக்கி’ என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். ‘இயக்ககத்தின் இயக்கியை நிறுவுக’ என்று ஒரு வரி திரையில் வந்தால் படிப்பவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

‘சில்லுச் சேமிப்பகம்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஈழத் தமிழில் சில்லு என்றால் சக்கரம். சுழலாத பொருளுக்குச் சக்கரத்தின் பெயர் போய்ச் சேரும். நாம் ஆக்கும் சொல் எல்லா நாட்டுத் தமிழருக்கும் பொது, அதனால் இதை விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: பொதுப்பெயராக ‘சேமிப்பி’, எஸ்எஸ்டிக்கு ‘திண்மச் சேமிப்பி’. செயலி, உலாவி வரிசையில் தானே போய் உட்காரும். ‘சேமிப்பகம்’ என்பதை இடத்துக்கும் கொள்ளளவுக்கும் வைத்துக்கொள்ளலாம், கையில் எடுத்து மாட்டும் கருவி சேமிப்பி. வன்தட்டைப் பொதுவாகக் குறிக்க வேண்டிய இடத்தில் வட்டுச் சேமிப்பி, வெளியே செருகுவது வெளிச் சேமிப்பி, காந்த நாடா இன்னும் ஓடும் இடங்களில் நாடாச் சேமிப்பி. விரலி (பென் டிரைவ்) விரலியாகவே இருக்கட்டும், அது நன்றாக வேரூன்றிவிட்டது.

‘சேமிப்பி’ என்பது ‘சேமிக்கச் செய்’ என்னும் பிறவினை ஏவல் போல ஒலிக்கிறதே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஒலிக்கத்தான் செய்கிறது. ‘உலாவி’யும் ‘இயக்கி’யும் வினையெச்சங்களாகவும் வருகின்றன, ‘கடற்கரையில் உலாவி வந்தான்’ என்று படிப்பவர் யாரும் அங்கே இணைய உலாவியைத் தேடுவதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் நமக்கு எப்போதும் உண்டு.

எஸ்எஸ்டி என்றே விடலாம் என்பவர்களுக்கு: பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். விளக்கி எழுதும்போதுதான் சிக்கல். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ‘ஃபிளாஷ்’ நினைவகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1980-களில் தோஷிபாவில் உருவாக்கியவர் ஃபூஜியோ மசுவோகா. அழிக்கும்போது ஒரு தொகுதி முழுவதும் ஒரே வீச்சில் அழிவது கேமரா ஃபிளாஷை நினைவூட்டியதால் அந்தப் பெயர். இன்றும் தரவை ‘பக்கம்’ எனும் சிறு அலகுகளாக எழுதலாம், ஆனால் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது, பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாகத்தான் அழிக்க வேண்டும். தேய்மானமும் டிரிம்மும் இதிலிருந்துதான் வருகின்றன. ‘திண்மச் சேமிப்பியின் தேய்மானம்’ என்று எழுதினால் ஒரு பள்ளி மாணவர் தொடர்ந்து படிப்பார், ஆங்கிலச் சுருக்கங்களின் எழுத்துக்கூட்டல்களாக நிரம்பினால் கண் தானாக அடுத்த பத்திக்குப் போய்விடும்.

தேய்மானம் என்றதும் பயப்படவும் வேண்டாம். ஒரு கண்ணறையில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில், ஒரு டெராபைட் கொள்ளளவுக்கு 600 டெராபைட் எழுதலாம் என்று பொதுவாக உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 50 ஜிகாபைட் எழுதினாலும் 12,000 நாள், கிட்டத்தட்ட 33 ஆண்டு. நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி குறைவாகத்தான் தாங்கும், எழுதுவதை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் இடைக்கால இருப்பு (கேஷ்) தீர்ந்ததும் பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம் வன்தட்டு அளவுக்கே இறங்கிவிடுவதும் உண்டு. விளையாட்டுகளைக் கொட்டி வைக்க அது போதும், இயங்குதளம் இருக்கும் சேமிப்பிக்கு நான் டிஎல்சிதான் வாங்கச் சொல்வேன். பழைய மடிக்கணினியில் வன்தட்டைக் கழற்றி அதே சாட்டா இணைப்பில் செருகும் சாதாரண திண்மச் சேமிப்பி போடுங்கள், நொடிக்கு 550 மெகாபைட் என்பது காகிதத்தில் சுமாராகத் தெரிந்தாலும், சிறு கோப்புகளை எடுக்கும் காத்திருப்பு அறவே குறைவதால் வேறு கணினி மாதிரி ஆகிவிடும். விலை கூடிய எம்.2 வகைகளில் நொடிக்கு 7,000 மெகாபைட் என்று அட்டையில் அடித்திருப்பதற்கு அன்றாட வேலையில் அந்த அளவு வித்தியாசம் தெரியாது, அந்தக் காசுக்குக் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் பேச வேண்டியிருக்கிறது. கைபேசியின் தாய்ப்பலகையோடு பற்றவைத்த நினைவகம் சேமிப்பியா, சேமிப்பகமா? கழற்ற முடியாதது என்பதால் பயனருக்குத் தனிக் கருவியாகத் தெரியாது, அதனால் அமைவுத் திரையில் ‘சேமிப்பகம்’ என்றும், பழுதுபார்ப்புக் குறிப்பேடுகளில் ‘சேமிப்பி’ என்றும் எழுதலாம் என நினைக்கிறேன். வேறு எண்ணம் இருந்தால் எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘வட்டைச் சீராக்கு’ என்ற வரியை முதலில் மாற்றுகிறேன்: வன்தட்டுக்கு ‘துண்டுகளை ஒழுங்குபடுத்து’, திண்மச் சேமிப்பிக்கு ‘பயன்படாத பகுதிகளை விடுவி’ என்று இரண்டு தனி வரிகளாக.