உள்ளாட்சி மேலாண்மை ஃபெலோஷிப்: மாணவர்கள் தயார், ஊர்கள்தான் கிடைக்கவில்லை

வைகைக்கரையாள் கேட்டது:

மினசோட்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், பொது நிர்வாகம் முதுகலை படிக்கும் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பும் வேலையும் அமைத்துக்கொடுப்பது என் பொறுப்பு. நகராட்சி, கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

முன்பெல்லாம் கெட்டிக்கார மாணவர்களுக்குக் கண் வாஷிங்டன் மேல்தான் இருக்கும். முதுகலை முடித்தவர்களை மத்திய அரசு வேலைக்கு எடுக்க 1977இல் தொடங்கிய அதிபர் மேலாண்மை ஃபெலோ திட்டத்தை 2025 பிப்ரவரியில் ஓர் உத்தரவில் முடித்துவிட்டார்கள். இப்போது அதே பிள்ளைகள் என் அறைக்கு வந்து, “உள்ளாட்சியில் ஏதாவது இருக்கிறதா?” என்கிறார்கள். நகர, கவுண்டி மேலாளர்களின் சங்கமான ஐ.சி.எம்.ஏ. நடத்தும் ஃபெலோஷிப்புக்கு (படிப்பு முடித்தவர்கள் ஓர் ஊர் நிர்வாகத்தில் சம்பளத்தோடு வேலை கற்கும் இடம்) விண்ணப்பிக்கச் சொல்கிறேன். போன முறை சிலர் இறுதிப் பட்டியல்வரை வந்தார்கள், ஒருத்திக்கு மட்டும்தான் ஊர் அமைந்தது. மற்றவர்கள் “தேர்வாகிவிட்டேனே, எப்போது சேர வேண்டும்?” என்று என்னைக் கேட்கிறார்கள்.

பக்கத்து ஊர் சிட்டி மேனேஜர்களிடம் (நகர மன்றம் நியமிக்கும் தலைமை நிர்வாகிகள்) பேசிப் பார்த்தேன். எல்லோரும் “நல்ல யோசனை, ஆனால் பணம் இல்லை” என்கிறார்கள். மின்னஞ்சல் போட்டால் பதிலே வருவதில்லை. இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? போகிற பிள்ளைகளைக் காகிதம் அடுக்கும் வேலையில் உட்கார வைத்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்? எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களை அனுப்ப முடியுமா?

மூன்றாம்மாடி ஜன்னல்:

அக்கா, நான் அந்தப் பட்டியல் வழியாக வந்தவள்தான். இப்போது டெக்சாஸில் ஒரு நகரத்தின் பட்ஜெட் பிரிவில் இருக்கிறேன்.

இறுதிப் பட்டியல் என்பது வேலை உத்தரவு இல்லை என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்த வருடம் ஃபெலோ எடுக்க முன்வரும் ஊர்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிற நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். நேர்காணல் வைப்பதும் ஆளை எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் ஊர்தான். என்னுடன் பட்டியலில் இருந்த சிலர் வீட்டிலிருந்து ரொம்பத் தள்ளிப் போக மாட்டோம் என்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் அமையவில்லை. நான் அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஊருக்குப் போனேன்.

ஐ.சி.எம்.ஏ.வை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். சில பெரிய நகரங்கள் சொந்தமாகவே ஃபெலோஷிப் நடத்துகின்றன. மிசூரியில் இருக்கும் கன்சாஸ் சிட்டியில் குக்கிங்ஹாம்-நோல் ஃபெலோஷிப் இரண்டு வருடம். 1940 முதல் 1959 வரை அங்கே சிட்டி மேனேஜராக இருந்த எல்.பி. குக்கிங்ஹாமின் பெயரில் நடக்கிறது. பீனிக்ஸிலும் ஒன்று உண்டு. இவற்றுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.

என்ன வேலை கொடுப்பார்கள் என்பதற்கு என் அனுபவம் இது. மேனேஜர் வாராவாரம் எனக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினார். அந்த வருடத்தில் நான் தயாரித்த அறிக்கைகளை விட அந்த அரை மணிதான் பெரிது. மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வெளியானதும் ஒவ்வொரு உறுப்பினரையும் தனியாகக் கூப்பிட்டு, ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்பார். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லவே மாட்டார். ஏன் என்று கேட்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே போனால், மன்றம் பொதுமக்கள் அறியத்தான் கூடிப் பேச வேண்டும் என்கிற திறந்த கூட்டச் சட்டத்தின் கண்ணில் அது பொதுமக்களுக்குத் தெரியாமல் நடந்த கூட்டமாகிவிடும் என்றார். வகுப்பில் இந்தச் சட்டத்தைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனால் அது தொலைபேசி வரைக்கும் வரும் என்று அன்றுதான் புரிந்தது.

பட்ஜெட்காரன்:

நானும் மினசோட்டாதான். ஒரு புறநகரில் உதவி அட்மினிஸ்ட்ரேட்டர். ஃபெலோக்களை எடுத்தவன் என்கிற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மேடம், நீங்கள் எந்த மாதத்தில் கேட்கிறீர்கள்? மாணவர் மே மாதம் படிப்பை முடிக்கிறார் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் எங்களிடம் உண்மையிலேயே பணம் இருக்காது. இங்கே ஊர்களுக்கு நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். துறைகள் தங்கள் கோரிக்கைகளைக் கோடைக்காலத்தில் எழுதித் தரும். செப்டம்பர் 30க்குள் உத்தேச சொத்துவரித் தொகையை மன்றம் முடிவு செய்து கவுண்டிக்கு அனுப்பிவிட வேண்டும். டிசம்பரில் அதைக் குறைக்கலாம், பொதுவாகக் கூட்ட முடியாது. நீங்கள் கதவைத் தட்டும்போது கடையைச் சாத்தி ரெண்டு மாதம் ஆகியிருக்கும்.

அதனால் இந்த மே மாதம் போய், அடுத்த வருட ஜூனில் சேரப்போகிறவருக்காகக் கேளுங்கள். யார் என்று இப்போதே தெரிய வேண்டாம், பதவி இருந்தால் போதும். இன்னொரு வசதியும் இருக்கிறது: ஜூனில் சேர்கிறவருக்கு முதல் பட்ஜெட்டில் ஏழு மாதச் சம்பளம் ஒதுக்கினாலே போதும். மன்றத்தில் இந்தத் தொகையைச் சொல்லி வாங்குவது சுலபம். வேறு மாநிலங்களில் கேட்பதென்றால் அங்குள்ள நாட்காட்டியைப் பாருங்கள். டெக்சாஸில் பெரும்பாலான ஊர்களுக்கும் ஃபுளோரிடா ஊர்களுக்கும் நிதியாண்டு அக்டோபர் 1, வட கரோலினாவில் ஜூலை 1.

மன்றம் பயப்படுவது சம்பளத்துக்கு இல்லை. நிரந்தரமாக ஒரு நாற்காலி கூடிவிடுமே என்றுதான் பயம். காலவரையறை உள்ள பதவி என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். வருடத்தின் நடுவில் யாராவது விலகிப் போய் இடம் சில மாதம் காலியாகக் கிடந்தால், அந்தச் சம்பள மிச்சத்தை வைத்து உடனேகூட ஒரு ஃபெலோவை எடுக்க வழியுண்டு. இதை மேனேஜர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சின்ன ஊர்களென்றால் இரண்டு ஊரும் ஒரு கவுண்டியும் சேர்ந்து ஒரே ஃபெலோவைப் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டு அதிகார ஒப்பந்தத்துக்கு மாநிலச் சட்டம் 471.59 இடம் கொடுக்கிறது. ஆனால் சம்பளப் பட்டியலும் மேற்பார்வையும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மூன்று முதலாளிகள் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் உருப்படியாக வேலை செய்ய முடியாது.

அப்புறம், எங்களிடம் பேச வரும்போது மாணவரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கேட்கக் கடுமையாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், எங்களுக்கு அது இரண்டாம் பட்சம். “ரொம்ப நாளாக உங்கள் மேசையில் கிடக்கும் வேலை எது?” என்று கேளுங்கள். எல்லா மேனேஜரிடமும் ஒன்று இருக்கும். கட்டண விகிதங்களைத் திருத்துவது, சாலைச் சீரமைப்புச் செலவை வீட்டுக்காரர்கள் மேல் பிரித்துப் போடும் கொள்கை, மூலதனத் திட்டத்துக்கான சொத்துக் கணக்கெடுப்பு, மானிய அறிக்கைகள். அந்த ஒரு வேலையின் பெயரைப் போட்டு நீங்கள் மறுபடி எழுதினால் பதில் வரும்.

காகிதம் அடுக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு பையன் வருடம் முழுக்கப் பழைய கட்டட அனுமதிக் கோப்புகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தான். அவனை எடுத்த மேனேஜர் கெட்டவர் இல்லை. அவன் சேர்ந்த கொஞ்ச நாளில் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்தவர் வரும்வரை அவனுக்கு யாரும் பொறுப்பில்லை, யாரோ ஸ்கேனரைக் காட்டிவிட்டார்கள். இந்தத் தொழிலில் மேனேஜர்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். மன்றம்தான் நியமிக்கிறது, அங்கே பெரும்பான்மை திரும்பினால் ஆள் வெளியே. எனவே ஊரோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் இரண்டு மேற்பார்வையாளர் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் நிதி இயக்குநரோ பொதுப்பணி இயக்குநரோ, ஊரை விட்டு லேசில் போகாத ஒருவர்.

நான் கண்டிப்பாகக் கேட்டு வாங்கச் சொல்வது இன்னொன்று: ஃபெலோ தன் வேலையைத் தானே மன்றத்தின் முன் நின்று சமர்ப்பிக்க வேண்டும், தேதியோடு. அந்தத் தேதி இருந்துவிட்டால் அவருக்கு உருப்படியான வேலை தந்தே ஆக வேண்டும். ஸ்கேன் செய்ததைப் பற்றி யாரையும் மன்றத்தில் பேசவிட மாட்டோம்.

போகும் பிள்ளைகளிடம் அரசியலைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள். ஐ.சி.எம்.ஏ. நெறிமுறைகள் 1924இலிருந்து இருக்கின்றன. ஓட்டுப் போடலாம். வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்வதோ நன்கொடை கொடுப்பதோ கூடாது. இருபத்து நாலு வயதில் இது வலிக்கும். சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதை விட முன்பே தெரிந்தால் சிலர் வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள், அதுவும் நல்லதுதான்.

விசாவரிசை:

எஃப்-1 பற்றி மட்டும் சொல்கிறேன். அனுப்பலாம். படிப்புக்குப் பிந்தைய ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை செய்யத் தரும் அனுமதி) 12 மாதம், ஒரு வருட ஃபெலோஷிப்புக்குச் சரியாகப் பொருந்தும். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து முடிந்த 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அனுமதி தொடங்கிய பிறகு வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது. ஆகவே ஊர் முடிவு சொல்லத் தாமதித்தால் அடி மாணவருக்குத்தான்.

இரண்டு வருட ஃபெலோஷிப்பில்தான் சிக்கல். பொது நிர்வாகப் படிப்புக்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு கிடையாது. பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள், தரவுப் பகுப்பாய்வை ஒட்டிய பாடத்திட்டங்கள் சிலவற்றுக்கு வேறு குறியீடு இருக்கலாம். நீட்டிப்பு கிடைத்தாலும் அந்த ஊர், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும். எச்-1பி வேலை விசா விஷயத்தில் பல்கலைக்கழகங்களுக்கு வருடாந்திர உச்சவரம்பு இல்லை. நகராட்சிகளுக்குப் பொதுவாக அந்த விலக்கு கிடையாது, குலுக்கலுக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் நேர்காணலுக்கு முன்பே ஊரிடம் சொல்லிவிடுங்கள். பல ஊர்களுக்கு விசா என்றாலே புதுசு, கடைசி நேரத்தில் கேள்விப்பட்டால் பின்வாங்கிவிடுவார்கள்.

வைகைக்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. ஆமாம், பிப்ரவரியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி நாட்காட்டியைத் தவிர வேறொன்றை யாரும் எனக்குக் காட்டியதில்லை. பட்ஜெட்காரன் சார், இன்னும் ஒரு சந்தேகம். மேனேஜரும் கிளார்க்குமாக மொத்தம் நாலைந்து பேரே வேலை பார்க்கும் ஊருக்கு ஒரு பிள்ளையை அனுப்பலாமா? அப்புறம், உங்களிடம் மாதிரிக் கடிதம் ஏதாவது இருந்தால் கொடுங்களேன்.

பட்ஜெட்காரன்:

அனுப்பலாம், ஆனால் எல்லோரையும் அல்ல. ஒரே நாளில் பட்ஜெட், தண்ணீர்க் கட்டணப் புகார், தீயணைப்பு வண்டி ஏலம் எல்லாம் மேசைக்கு வரும். கேட்டுக் கேட்டுச் செய்கிற பிள்ளை அங்கே தவித்துப்போகும், தானாக இழுத்துப்போட்டுச் செய்கிறவருக்குப் பெரிய நகரத்தை விட அதுதான் நல்ல இடம். இரண்டாவது மேற்பார்வையாளராகக் கிளார்க்கைப் போடுங்கள். அந்த ஊரில் எல்லாம் தெரிந்தவர் அவர்தான்.

மாதிரிக் கடிதம் வேண்டாம் மேடம், போனில் கூப்பிடுங்கள். மே முதல் வாரம் சரியாக இருக்கும். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பல ஊர்களில் அன்று மாலைதான் மன்றக் கூட்டம்.