ஹெட்ஃபோனிலேயே மிக்ஸிங்: எந்த சாஃப்ட்வேர் சரியாக வரும்?

வணக்கம் நண்பர்களே. ராத்திரியில்தான் எனக்கு நேரம், ஸ்பீக்கர் போட வழியில்லை. அதனால் பாட்டு மிக்ஸிங் (குரல், கருவிகளின் சத்தங்களைச் சரியான அளவில் கலப்பது) முழுக்க ஹெட்ஃபோனில்தான். காதில் கச்சிதமாக இருக்கிற பேஸ், காரில் போட்டால் காணாமல் போகிறது. ஹெட்ஃபோன் 100 ஹெர்ட்ஸ் பக்கம் தானே ஏற்றிக் காட்ட, நான் அதை நம்பிக் குறைத்துவிடுகிறேன் போல.

விண்டோஸ் சத்தத்தைத் திருத்துகிற ஈக்வலைசர் ஏபிஓவில், என் ஹெட்ஃபோனுக்கென்று ஆட்டோஈக்யூ தரும் திருத்த அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். இலவசம்தான், ஆனால் ஆசியோ டிரைவரில் (விண்டோஸின் சத்த வழியைத் தாண்டிப் போவது) போகிற சத்தத்தை அது தொடுவதே இல்லை. அடுத்து, ஹெட்ஃபோன் ஏற்றி இறக்கிக் காட்டுவதைச் சமன் செய்கிற சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ் டிரையல். பேஸ் உடனே தெளிந்தது. ஆனால் மாஸ்டர் டிராக்கில் (எல்லா டிராக்கும் சேர்கிற இடம்) அதை ஆஃப் செய்ய மறந்து எக்ஸ்போர்ட் செய்து, ஒரு பாட்டையே சொதப்பினேன். (சிரிக்காதீர்கள்!)

இப்போது குழப்பம் இதுதான். ரியல்ஃபோன்ஸ், வேவ்ஸ் என்எக்ஸ் போன்றவை இடது ஸ்பீக்கர் சத்தத்தை வலது காதுக்கும் கொஞ்சம் தாமதமாக அனுப்பி, அறையில் கேட்கிற மாதிரி காட்டுகின்றன. பேனிங்குக்கு (எந்தச் சத்தம் இடது, எது வலது என்று வைப்பதற்கு) அது உதவுகிறது. ரிவெர்ப் (பாட்டில் நாம் சேர்க்கிற எதிரொலி) எவ்வளவு போடுவதென்றுதான் பிடிபடவில்லை, அந்த அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடுவதால்.

இதில் வேலை செய்கிறவர்கள் ரிவெர்ப் வைக்கும்போது அறையை ஆஃப் செய்துவிடுவீர்களா? இல்லை, அறை இல்லாமல் வெறும் ஹெட்ஃபோன் கரெக்ஷனே போதுமா? நான் பயன்படுத்துவது ரீப்பர் (மிக்ஸிங் சாஃப்ட்வேர்), விண்டோஸ், மூடிய வகை ஹெட்ஃபோன்.