ரயிலில் முதியோர் கட்டணச் சலுகையைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்

கரிசல்மண்:
2020 மார்ச் 20 அன்று கொரோனாவைக் காரணம் சொல்லி இந்தச் சலுகையை நிறுத்தினார்கள். 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதம், 58 நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த சலுகை. வயதானவர்கள் அலையக் கூடாது என்றார்கள், அந்த நேரத்துக்கு அது சரி. அப்புறம் ரயில்கள் எல்லாம் பழையபடி ஓடின, கூட்டமும் வந்தது. மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

நான் கோவில்பட்டிக்காரன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களில் நிறையப் பேருக்கு வருவது மாதம் ஆயிரம், ஆயிரத்துச் சொச்சம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஸ்லீப்பரில் சென்னைக்குப் போய் மகன் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப அந்தப் பணம் பத்தாது. இது எந்த ஊர் நியாயம்?

தாம்பரம்வாசி:
ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ரயில்வேயின் கணக்கையும் பார்க்க வேண்டும். பயணிகளைக் கொண்டுபோக ஆகும் செலவில் 100 ரூபாய்க்கு 54 ரூபாய்தான் டிக்கெட்டில் வசூலாகிறது, மீதி 46 ரூபாயை அரசு ஏற்கிறது என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022-23-இல் மட்டும் அந்தத் தொகை 56,993 கோடி. அதாவது ஒவ்வொரு பயணிக்கும் ஏற்கெனவே கிட்டத்தட்ட பாதி சலுகை இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு 40 சதவீதம் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? சரக்குக் கட்டணத்தில் ஏற்றுவார்கள். நிலக்கரி கொண்டுவரும் செலவு கூடினால் கடைசியில் கரண்ட் பில்லில் நீங்களும் நானும்தான் கட்டுவோம்.

கரிசல்மண்:
தம்பி, அந்த 46 ரூபாய் எல்லோருக்கும் உள்ளது. ஐ.டி. கம்பெனியில் சம்பளம் வாங்கும் முப்பது வயதுப் பையனுக்கும் அதே 46, எழுபது வயதுக் கிழவிக்கும் அதே 46. முதியோருக்குத் தனியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் செய்வதைக் காட்டுவது பதில் ஆகாது.

தொகையையும் பாருங்கள். சலுகை இருந்த கடைசி ஆண்டான 2019-20-இல் முதியோருக்காக விட்டுக்கொடுத்தது 1,667 கோடி. நீங்கள் சொன்ன 56,993 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நூற்றில் மூன்று பங்குகூட இல்லை. இதை எடுத்ததால் ரயில்வே நிமிர்ந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? 2020 மார்ச்சிலிருந்து 2025 பிப்ரவரி வரை இந்த வகையில் கூடுதலாக வந்த தொகை 8,913 கோடி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய விவரம் செய்தித்தாள்களில் வந்தது. அந்தக் காலத்தில் பயணம் செய்த முதியோர் 31 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தேன், ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 284 ரூபாய் வருகிறது. ரயில்வேக்கு அது கணக்கில் ஒரு வரி. எங்கள் வீட்டில் அது ஒரு வாரத்துக் காய்கறி.

காவிரிக்கரை:
நான் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், திருச்சி. கரிசல்மண் சாரிடம் எனக்கு உடன்பாடில்லை. என் மாதிரி நல்ல பென்ஷன் வாங்குகிறவர்கள் செகண்ட் ஏ.சி.யில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக்கொண்டு காசிக்கும் ஹரித்துவாருக்கும் போனோம். அது தேவையே இல்லாத செலவு. சலுகையை விட்டுக்கொடுக்க வழி இருந்தபோது நான் விட்டுக்கொடுத்தேன். ஆனால் வசதி இருந்தும் வாங்கியவர்கள்தான் ஏராளம். அந்தப் பணத்தில் முன்பதிவில்லாத பெட்டிகளைக் கூட்டட்டும். அவற்றில் ஏறுகிறவர்கள்தான் உண்மையான ஏழைகள், வயதானவர்களும் அங்கே உண்டு.

கரிசல்மண்:
சார், செகண்ட் ஏ.சி.க்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் என்ன பரிந்துரைத்தது? ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலுமாவது கொடுக்கலாம், பரிசீலியுங்கள் என்றது. நான் கேட்பதும் அதேதான். வசதியானவர்கள் வாங்கினார்கள் என்பதற்காக வசதியில்லாதவர்களிடமிருந்தும் பிடுங்குவீர்களா?

முன்பதிவில்லாத பெட்டி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, கூட்டட்டும். ஆனால் அறுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு கழிப்பறைப் பக்கத்தில் துண்டு விரித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரச் சொல்லாதீர்கள். வயதானால் படுத்துத்தான் போக முடியும். ஸ்லீப்பர் எங்களுக்குச் சொகுசு இல்லை.

பீடித்தொழிலாளி மகள்:
பெண்கள் பக்கம் யாரும் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன். என் அம்மா தென்காசிப் பக்கம் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். அவர் கையில் சொந்தமாக வருவது சிறு தொகை. எங்காவது போக வேண்டுமென்றால் என்னிடமோ அண்ணனிடமோ கேட்க வேண்டும். பாதிக் கட்டணம் இருந்தவரை அவரே டிக்கெட் எடுப்பார். இப்போது "எதுக்கு வீண் செலவு, நீங்களே வாங்க" என்று சொல்லிவிடுகிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த பிறகு எத்தனை வயதான பெண்கள் வெளியே வந்தார்கள் என்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து பார்த்தால் தெரியும். கையில் காசு இல்லாதவருக்குப் பயணம் என்பது யாரிடம் கேட்பது என்ற கவலையில்தான் தொடங்கும்.

தாம்பரம்வாசி:
அக்கா சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2020 ஜனவரிக்குப் பிறகு ஐந்தரை வருஷம் கட்டணமே உயரவில்லை. 2025 ஜூலையில்தான் மெயில், எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூட்டினார்கள். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஆறு ரூபாய். டீசல், சம்பளம் எல்லாம் ஏறும்போது இதையும் கொடு, அதையும் கொடு என்றால் தண்டவாளப் பராமரிப்பில் கை வைப்பார்கள். விபத்து நடந்தால் அதிலும் முதியவர்கள் இருப்பார்கள். உச்ச நீதிமன்றமும் 2023-இல் இது அரசின் கொள்கை முடிவு என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

கரிசல்மண்:
நீதிமன்றம் சலுகை கூடாது என்று சொல்லவில்லை தம்பி, அரசு முடிவு செய்யட்டும் என்றுதான் சொன்னது. அதனால்தான் அரசிடம் கேட்கிறோம். சாதாரண பாசஞ்சர் ரயிலுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்து 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கியிருந்தார்களே, அதையும் முடியாது முடியாது என்று நாலு வருஷம் இழுத்து, 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ரூபாய்க்குக் கொண்டுவரவில்லையா? அதனால் எந்தத் தண்டவாளம் பெயர்ந்தது?

கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறதே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். இருக்கிறது, நல்ல காரியம். ஆனால் ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு இடம், அதையும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களோடும் கர்ப்பிணிகளோடும் பகிர வேண்டும். அது வசதி. நான் பேசுவது காசைப் பற்றி.

காவிரிக்கரை:
ஒரு நடுவழி சொல்கிறேன். ஸ்லீப்பரில் மட்டும், 70 வயதுக்கு மேல், வருஷத்துக்கு இத்தனை முறை என்று வரம்பு வைத்துக் கொடுக்கட்டும். ஆதாரோடு இணைத்துவிட்டால் கணக்கு வைப்பது எளிது.

தாம்பரம்வாசி:
இதற்கு நான் ஒப்புக்கொள்வேன். 60 வயது என்றால் இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு அறுபதில் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள்.

கரிசல்மண்:
வருஷத்துக்கு நாலு முறை என்று வரம்பு வையுங்கள், சம்மதம். வயதில் மட்டும் விட மாட்டேன். 58-இல் மில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அறுபதில் வேலை பார்க்கிறார்கள் என்கிறீர்களே, எங்கள் தெருவில் ஏ.டி.எம். வாசலில் ராத்திரிக் காவல் இருக்கிறார்கள். வருமானம் போதாமல் பார்க்கிற வேலை அது. அறுபதிலிருந்து எழுபது வரை அந்தப் பத்து வருஷம்தான் உடம்பு கொஞ்சம் ஒத்துழைக்கிறது, பிள்ளைகளைப் போய்ப் பார்க்க முடிகிறது. அதற்குப் பிறகு டிக்கெட் இலவசம் என்றாலும் எங்களில் பாதிப் பேர் ஸ்டேஷன் மாடிப்படி ஏற முடியாது. பட்ஜெட்டுக்கு முன்னால் எங்கள் எம்.பி.யிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். 60 வயது, ஸ்லீப்பர், வருஷத்துக்கு நாலு முறை, இதைத்தான் எழுதியிருக்கிறேன். அம்மாவின் பெயரையும் சேர்க்கலாமா, மகளே?

பீடித்தொழிலாளி மகள்:
சேருங்கள் ஐயா. பெண்களுக்கு 58 என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.