சத்துணவுத் திட்டத்தில் பெண்களின் அதிகாரத்தை எப்படி அளப்பது? உதவி வேண்டும்

வணக்கம். தருமபுரி பக்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்குமான ஒரு சத்துணவுத் திட்டத்தில் வேலை செய்கிறேன். காய்கறித் தோட்டம், கோழி வளர்ப்பு, மாதம் ஒரு கூட்டம். இதனால் பெண்கள் கையில் அதிகாரம் கூடியிருக்கிறதா என்று அளக்கச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேதான் தடுமாறுகிறேன்.

உணவை அளப்பதில் சிக்கல் இல்லை, நேற்று 10 உணவு வகைகளில் குறைந்தது 5 வகை சாப்பிட்டாரா என்று கேட்டுவிடலாம். முடிவெடுப்பதற்கு தேசியக் குடும்ப நல ஆய்வின் கேள்விகளை எடுத்தோம்: தன் மருத்துவம், வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று. போன வாரம் ஒரு அக்கா எல்லாவற்றுக்கும் "ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றார், மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தபோது, குழம்பில் போட்ட நான்கு முட்டையில் தனக்கு ஒன்றுகூட இல்லை, வெறும் குழம்புதான் என்றார். படிவத்தில் அவருக்கு முழு மதிப்பெண்! மனசு கேட்கவில்லை.

2012இல் வந்த வேளாண்மையில் பெண்கள் அதிகாரக் குறியீட்டையும், பிறகு திட்டங்களுக்கென்றே செய்த 12 குறிகாட்டி வடிவத்தையும் பார்த்தேன். வேலைச்சுமையைக் கேட்பது பிடித்திருக்கிறது, ஆனால் அதற்காகக் கைக்குழந்தைக்காரியிடம் 24 மணி நேரமும் என்ன செய்தார் என்று கால் மணி கால் மணியாகக் கேட்பது எப்படி?

யாராவது இந்தக் குறியீட்டின் சுருக்கமான வடிவத்தைத் தமிழில் பயன்படுத்தியிருக்கிறீர்களா? மாமியார் இருக்கும் வீட்டில் தனியாகப் பேச என்ன செய்தீர்கள்? 'முட்டை யாருக்கு' போன்ற கேள்விகள் உங்களிடம் இருந்தால் அப்படியே அனுப்புங்கள். அடுத்த மாதம் களத்தில் இறங்க வேண்டும்.