கொட்டகைக்குப் போகாத வீட்டில் ஒரு கேள்வி

செக்காலை அப்பா:

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து விசுவாசிகளிடம் ஒரு யோசனை கேட்கிறேன். என் அப்பா ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சினிமாக் கொட்டகைக்குப் போனதில்லை. ஏன் என்று அவர் விளக்கியதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. எனக்கு 48 வயது. இன்றுவரை தியேட்டரில் ஒரு படம் பார்த்தது கிடையாது.

போன வாரம் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. வள்ளி திருமணம் நாடகம் போட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் நண்பர்களோடு போய்விட்டு விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தான். கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். "நம்ம விசுவாசத்துக்கு இதெல்லாம் ஆகுமா?" என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ராத்திரி படுத்துக்கிட்டே ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் பாக்குறீங்களேப்பா, அது மட்டும் ஆகுமா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. இத்தனை வருஷம் கொட்டகை வாசலை மிதிக்காத நான், கொட்டகையைப் படுக்கைக்கே கொண்டுவந்துவிட்டேன். இனி எதை வைத்து இதைப் பார்க்கலாம், இதைப் பார்க்கக் கூடாது என்று சொல்வது? அப்பா வைத்த கட்டுப்பாட்டை அப்படியே வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? அவனுக்காக மட்டும் கேட்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

மானகிரி ஊழியன்:

பிரதர், கட்டுப்பாட்டை எடுத்துவிடாதீர்கள். வேலியில் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டையை அடைப்போம், வேலியைப் பிடுங்கிப் போட மாட்டோம். "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்று 101-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். தாவீது தன் வீட்டுக்குள்ளே எப்படி நடந்துகொள்வேன் என்பதைத்தான் சொல்கிறார். அப்படியென்றால் படுக்கையில் இருக்கிற கைப்பேசிக்கும் அது பொருந்தும். உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நீங்கள் ரீல்ஸை விட வேண்டும், அவனுக்கு நாடகத்தைத் திறந்துவிட வேண்டியதில்லை.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரசிகர் மன்றத்தில் கிடந்தவன் நான். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியிருக்கிறேன். முதல் காட்சி டிக்கெட்டுக்காகத் தங்கச்சியின் கொலுசை அடகு வைத்திருக்கிறேன். படம் விட்டதும் மன்றத்துப் பையன்களோடு குடி, குடி முடிந்தால் அடிதடி. ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்தபோது எங்கள் பாஸ்டர் சொன்ன முதல் காரியம், "தம்பி, தியேட்டர் பக்கம் போகாதே" என்பதுதான். அந்த ஒரு வார்த்தையில் என் குடும்பம் பிழைத்தது. பவுலும் அதைத்தானே சொல்கிறார்: "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்."

தேவகோட்டை டீச்சர்:

தம்பி, உங்கள் சாட்சியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதை நான் மறுத்துப் பேசப்போவதில்லை. ஆனால் நீங்கள் கடைசியில் எடுத்த வசனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பவுலின் சொந்த வாக்கியம் இல்லை. மெனாந்தர் என்ற கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியரின் வரி. பவுலுக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னால் வாழ்ந்தவர். நாடகத்தை எதிர்க்க நாம் தூக்கிப் பிடிக்கிற வசனமே ஒரு நாடகத்திலிருந்து வந்தது! அத்தேனே பட்டணத்திலும் பவுல் கிரேக்கக் கவிஞர்களின் வரியைச் சொல்லித்தான் பேச்சை நடத்துகிறார். அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரம்.

நம் தமிழ்ச் சபைகளின் வழியும் அதுதான். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். அதே கையால் பரமார்த்த குருவையும் அவருடைய மட்டிச் சீடர்களையும் எழுதி ஊரைச் சிரிக்க வைத்தார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் சீர்திருத்த சபைக்காரர்தான், குறவஞ்சி ஆட்டத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி ஆக்கினார். அவ்வளவு தூரம் போவானேன், போர்த்துகலிலிருந்து வந்து நம் பக்கத்து ஓரியூரில் 1693-ல் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்த குரு அருளானந்தர் எந்தக் கோலத்தில் இந்தச் சீமையில் நடந்தார்? பண்டாரசுவாமி என்ற தமிழ்த் துறவிக் கோலத்தில். இந்த மண்ணின் உடையையும் பேச்சையும் அவர் பயந்து ஒதுக்கவில்லை.

பையன் நாடகத்தில் எதைப் பார்த்தான் என்று கேட்டீர்களா? வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் இருக்கிறதே, 32 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், அப்படிப்பட்ட தமிழைக் காதால் கேட்க இன்று வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட இல்லை.

மானகிரி ஊழியன்:

டீச்சர், மெனாந்தர் விஷயம் எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அந்த வரி பவுல் காலத்தில் ஊரெல்லாம் புழங்கிய பழமொழியாகக்கூட இருந்திருக்கலாமே. நாமும் பட வசனத்தைப் படம் பார்க்காமலேயே சொல்கிறோம். ஒரு வரி வாயில் வந்ததால் அவர் நாடக அரங்கில் உட்கார்ந்திருந்தார் என்று ஆகிவிடாது.

அருளானந்தரை நீங்கள் சொன்னதால் மீதியையும் சொல்கிறேன். கோலத்தை மாற்றினார், சரி. அவர் தலை ஏன் போனது? ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று உறுதியாக நின்றதால். விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் உயிர் தப்பியிருப்பார். உடையில் வளைந்தவர் ஒழுக்கத்தில் வளையவில்லை.

ஆதித் திருச்சபையிலும் இதே கேள்வி வந்திருக்கிறது. காட்சிகளுக்குப் போகாதே என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, கி.பி. 200-ஐ ஒட்டி தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் பதில் எழுதினார். பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராதவன் பாக்கியவான் என்கிற முதலாம் சங்கீதத்தைக் காட்டினார். ஞானஸ்நானத்தில் பிசாசையும் அவன் ஆடம்பரத்தையும் விட்டுவிட்டேன் என்று சொன்னவன் அங்கே போய் எப்படி உட்காருவான் என்று கேட்டார்.

நாடகத்தில் தர்க்கம் வரும், உண்மை. தர்க்கத்துக்கு முன்னால் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் வந்து மணிக்கணக்கில் பேசுகிற இரட்டை அர்த்தப் பேச்சை டீச்சர் ஏன் சொல்லவில்லை? பையன் அதையும் தாண்டித்தானே தர்க்கத்துக்கு வந்திருப்பான். இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ஊர் மக்களுக்கு அது சாமி காரியம். நமக்கு வேடிக்கை என்று நாம் போய் உட்காருவது அவர்களுடைய பக்தியையும் மதிப்பதாகத் தெரியவில்லை.

தேவகோட்டை டீச்சர்:

பபூன் பேச்சு பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதை விட்டுவிட்டு நான் பேசியிருக்கக் கூடாது. 16 வயதுப் பையன் அதைக் கேட்டுச் சிரிப்பது எனக்கும் பிடிக்காது.

தெர்த்துல்லியன் கண்முன் இருந்த அரங்கில் மனுஷனை மிருகத்துக்குப் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதையும் ஒரு குடும்பப் படத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. சினிமாவையும் வானொலியையும் அற்புதமான கண்டுபிடிப்புகள் என்றுதான் அது தொடங்குகிறது. அப்புறம் பொறுப்பை முழுக்கப் பார்க்கிறவன் தலையில் வைக்கிறது. நீயே தேர்ந்தெடு, அளவோடு பார், இளையவர்கள் பார்த்ததைப் பெரியவர்களோடு பேசிப் பழகட்டும், கெடுதலானது வீட்டுக்குள் வராமல் பெற்றோர் காக்கட்டும் என்கிறது. எனக்கு இதில் பிடித்தது, பார்த்ததைப் பேசு என்பது. நம் வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை.

கோயில் திருவிழாவைப் பற்றி: பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனதிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு என்று 1 கொரிந்தியர் 10-ல் பவுல் சொல்கிறார். செட்டிநாட்டில் ஆச்சி வீட்டு விசேஷத்துக்கு நாமும், நம் கிறிஸ்துமஸுக்கு அவர்களும் வந்துபோகாத வருஷம் உண்டா? மரியாதையோடு ஓரமாக உட்கார்ந்து கேட்கிறவனை அவர்கள் குறையாக நினைத்து நான் பார்த்ததில்லை.

அழகப்பா மாணவி:

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வாலிபர் கூட்டத்தில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாட்சி சொல்லும்போது எல்லாரும் "நான் சினிமா பார்ப்பதில்லை" என்போம். கூட்டம் முடிந்து பஸ் ஏறியதும் டெலிகிராமில் இறக்கிய புதுப்படம் கை மாறும். நானும் பார்த்திருக்கிறேன். அது திருட்டுப் பிரதி. படம் பார்ப்பது பாவமா இல்லையா என்று இரண்டு மணி நேரம் விவாதம் நடக்கும், களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை ஒருவருக்கும் ஞாபகம் வராது. கட்டுப்பாடு எங்களைப் படத்திலிருந்து பிரிக்கவில்லை, ஒளித்துப் பார்க்கப் பழக்கியது. பார்த்தது மனதை உறுத்தினாலும் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பார்த்தது தெரிந்துவிடும். ஹாஸ்டலில் ஒரு சீரிஸ் பார்த்துவிட்டு ஒரு வாரம் பயத்தில் தூங்காமல் கிடந்தேன். அம்மாவிடம் காய்ச்சல் என்றேன்.

கானாடுகாத்தான் எலக்ட்ரீசியன்:

நான் இங்கே பழைய வீடுகளில் வயரிங் வேலை பார்க்கிறவன். ஷூட்டிங் யூனிட் வந்தால் எங்களையும் கூப்பிடுவார்கள். என் வருமானத்தில் பாதி அதுதான். ஏவி.எம். ஸ்டூடியோவே 1940-களில் நம் காரைக்குடியில்தான் நடந்தது, இந்தச் சீமையில் சினிமாச் சோறு சாப்பிட்ட வீடுகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை சினிமா பிசாசின் வேலை என்று பிரசங்கம் கேட்பேன். அதே ஆராதனையில் அந்த வேலையில் வந்த தசமபாகத்தைக் காணிக்கைப் பையில் போடுவேன். ஊழியன் அண்ணே, என் பணம் சுத்தமானதா இல்லையா என்று ஒரு தடவை யாராவது முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. திரையில் பார்க்கிற நமக்கு என்ன ஆகும் என்றே பேசுகிறோம். அதில் வருகிறவர்களுக்கு என்ன ஆகிறது? சித்திரை வெயிலில், ஒரு வீட்டு வளவில் பாட்டு எடுத்தார்கள். பின்னால் ஆடுகிற பெண்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து மறுபடி நிறுத்தினார்கள். இடுப்புத் துணியை இன்னும் இறக்கச் சொன்னபோது அவள் தலை குனிந்ததை லைட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளுக்கு என் மகள் வயசு இருக்கும். அந்தப் பாட்டு கல்யாண வீடுகளில் இன்னும் ஓடுகிறது. என்னால் அதைப் பார்க்க முடியாது. வசனத்தால் இல்லை, அந்தப் பிள்ளையின் முகத்தால். வேறு யூனிட்களில் எல்லாரையும் கௌரவமாக நடத்தி, நேரத்துக்குச் சோறு போட்டு, நல்ல படம் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். பிறனை நேசி என்ற கட்டளை திரைக்குள் இருக்கிறவளுக்கும் சேர்த்துத்தானே?

மானகிரி ஊழியன்:

தம்பி, உங்கள் உழைப்பு சுத்தமானது. நான் சொல்கிறேன். அந்தப் பிரசங்கத்தை நானும் செய்திருக்கிறேன், உங்களைப் போல ஒருவர் கீழே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதினீர்களே, இருபது வருஷமாக இச்சை, இச்சை என்று பேசிய எனக்கு அது தோன்றவில்லை.

ஆனாலும் நான் நிற்கிற இடத்தை விட்டு நகர முடியவில்லை. குடியை விட்டு ஒன்பது வருஷம் கழித்து ஒரு விசுவாசி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். டிவியில் பாரில் ஆடுகிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி டம்ளரில் ஐஸ் விழுகிற சத்தம். எனக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு டாஸ்மாக் கடை திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அந்த வீட்டாருக்கு அது வெறும் பாட்டு. "போஜனம் என் சகோதரனுக்கு இடறலுண்டாக்கினால், நான் ... என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன்" என்று பவுல் சொன்னாரே, அந்தச் சகோதரன் நான்தான். சபைக்குள் என்னைப் போல எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

தேவகோட்டை டீச்சர்:

நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் டிவி ஓடாது, தம்பி. வருவதற்கு முன்னாலேயே அணைத்திருக்கும். அதற்குமேல் போகச் சொன்னால்தான் எனக்குக் கஷ்டம். உங்கள் காயத்துக்குப் போட்ட கட்டை அந்த மாணவிக்கும் போட்டதால்தான் அவள் அம்மாவிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்பதும் பவுல்தான். பெண்ணே, அந்த சீரிஸைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்றால் என்னிடம் பேசு. நானும் அந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்று நாள் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தேன், 61 வயதில்.

மானகிரி ஊழியன்:

மாணவி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை, டீச்சர். அதை நான் ஜெபத்தில் வைக்கிறேன். ஆனால் கட்டை அவிழ்த்துவிட்டால் அவள் நன்றாகத் தூங்குவாள் என்பதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தூங்காமல் கிடந்தது அந்த சீரிஸைப் பார்த்ததால்.

செக்காலை அப்பா:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நேற்று ராத்திரி என் அம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்டேன், அப்பா ஏன் கொட்டகையை விட்டார் என்று. 80 வயதாகிறது அவர்களுக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் அப்பா சம்பள நாளில் நேராக டூரிங் டாக்கீஸுக்குப் போய்விடுவாராம். இரண்டாவது ஆட்டமும் பார்த்துவிட்டுத்தான் வீடு. அப்படி ஒரு ராத்திரியில் என் அக்காவுக்கு ஜன்னி வந்து, தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லாமல் அம்மா தெருவில் நின்றிருக்கிறார்கள். எனக்கு ஒரு அக்கா இருந்ததே நேற்றுத்தான் தெரியும்.

மகன் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே நாடகத்தைப் பற்றிச் சொன்னான். பபூன் பேச்சு அவனுக்கே கூச்சமாக இருந்ததாம், தர்க்கம் தொடங்கும்வரை வெளியே டீக்கடையில் நின்றார்களாம். வள்ளி கேட்ட கேள்வி ஒன்றை அப்படியே ராகத்தோடு பாடிக் காட்டினான். அம்மா சிரித்தார்கள்.

அப்பாவின் கட்டுப்பாட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு என் கைப்பேசியும் அவனுடையதும் அம்மாவின் அலமாரிக்குப் போகின்றன. இரண்டு நாளாகிறது. தூக்கம் வரவில்லை, பழக்கம் அப்படி. அடுத்த மாசம் இன்னொரு ஊரில் நாடகம் இருக்கிறதாம். எலக்ட்ரீசியன் தம்பி, தர்க்கம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? அந்த நேரத்துக்கு நானும் அவனோடு போகலாம் என்றிருக்கிறேன்.