தேயிலை பேக்டரி இரவு வேலை தெரிந்தவர்கள் உதவுவீர்களா?

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். முகமூடி வீரன் ஒருவனை வைத்துச் சின்னச் சின்னச் சாகச நாவல்களாக, மாதம் ஒன்று சொந்தமாக அச்சடித்து வெளியிட ஆசை. வீரன் நம்ம தோட்டத்துப் பையன்தான்.

நிறைய எழுதும் வழியை அமெரிக்க எழுத்தாளரான லெஸ்டர் டென்டிடம் இருந்து எடுத்துக்கொண்டேன். 1933 முதல் 1949 வரை வந்த டாக் சாவேஜ் என்ற சாகச வீரன் கதை இதழின் 181 நாவல்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. அட்டையில் மட்டும் கென்னத் ரோப்சன் என்ற பொதுப் புனைபெயர் இருக்கும். 6,000 சொல் கதையை 1,500 சொற்களாக நாலு பங்கு பிரிப்பார். ஒவ்வொரு பங்கிலும் நாயகனுக்குச் சிக்கல் கூடும், கைகலப்பு நடக்கும், கடைசியில் ஒரு திருப்பம் வரும். இவ்வளவு தெளிவாகத் தொழில் சொல்லித் தந்தவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, என் முதல் சண்டை இரவில், கொழுந்து வாட்டும் மாடியில் நடக்கிறது. வாட்டும் தொட்டிக்குக் கீழே ஆள் ஒளிய முடியுமா? காற்றாடிச் சத்தத்தில் பேச்சு கேட்குமா? வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும்? அந்த நேரம் மாடியில் யார் நிற்பார்கள்?

பேக்டரியில் வேலை செய்த அப்பா, மாமா, தாத்தா யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் என்றால் நானே வந்து பார்க்கிறேன். அப்புறம், குறைந்த பிரதிகள் அடித்துத் தரும் அச்சகம் மலையகத்தில் எங்கே இருக்கிறது?