மகளுக்கு இசக்கி என்று பெயர் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புளியரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம் புளியரை, கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப்புறம் புனலூரில். அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தாத்தா காலத்திலிருந்தே அங்கே இருப்பதால் பேச்சு, பழக்கம் எல்லாம் பாதி மலையாளம். இப்போது பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போனதால், இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் உன் பெயரையே வைக்கிறேன் என்று எங்கள் அம்மா இசக்கியம்மனுக்கு நேர்ந்திருந்தார்கள். வீட்டுக்காரருக்குச் சம்மதம். நாத்தனார்தான் கேட்டதும் பதறிவிட்டாள், "பச்சப்பிள்ளைக்கு யட்சின்னா பேர் வைப்பாங்க?" என்று. அதிலிருந்து மாமியாருக்கும் மனசில்லை.

எங்கள் ஆச்சி பெயர் இசக்கியம்மாள், பெரியப்பா இசக்கிமுத்து. ஆனால் எங்கள் தலைமுறையில் அந்தப் பெயர் ஒருத்தருக்கும் இல்லை, ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை. இசக்கியும் யட்சியும் ஒன்றுதானா? இப்போதும் யாராவது வைக்கிறார்களா? 28ஆம் நாள் நூல்கெட்டுக்குள் (பிள்ளைக்கு இடுப்பில் நூல் கட்டிப் பெயர் வைக்கிற சடங்கு) முடிவு பண்ண வேண்டும்.

தோவாளைப் பிச்சி:

முதலில் வாழ்த்துகள் தங்கச்சி, பிள்ளை நல்லா இருக்கட்டும்.

பெயர் ஒன்றுதான், நாத்தனார் சொன்னதில் அதுவரைக்கும் சரி. வடமொழியில் யட்சி, பழைய தமிழில் இயக்கி. இயக்கி நம் வாயில் இசக்கி ஆகிவிட்டது, உயரத்தை உசரம் என்றும் முயலை மொசல் என்றும் சொல்கிறோமே அதே மாதிரிதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே பூங்கண் இயக்கி என்ற தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பி வருகிற இடைக்குலத்து மூதாட்டி மாதரியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்கிறார். ஆக இயக்கி கோயிலும் இயக்கிக்குப் படையல் போடுகிற வழக்கமும் அவ்வளவு பழையது.

அப்புறம் மார்த்தாண்டம் பக்கத்தில் சிதறால் மலைக்கு ஒருதடவை போய்ப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் சமணர்கள் பாறையில் செதுக்கிய சிற்பங்கள் வரிசையாக இருக்கும், அதில் அம்பிகா என்கிற இயக்கி, கூடவே சிங்கமும் இரண்டு பிள்ளைகளும். 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதருக்குக் காவல் தெய்வம் அவள். பிற்காலத்தில் அந்த இடமே பகவதி கோயிலாகி இப்போதும் பூசை நடக்கிறது. கழுகுமலையிலும் அம்பிகா உண்டு. நம் ஊர் இசக்கி கையில் பிள்ளையோடு நிற்பது அங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. அந்த இசக்கியிடம்தான் பிள்ளை வரம் கேட்டு நம் பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள், மண்ணில் பிள்ளை உருவம் செய்து வைக்கிறார்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிற கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகிற டிரைவர் குறைவு. பயந்து ஓட வேண்டிய சாமி என்றால் அங்கே யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?

பெயர் விஷயம்: எங்கள் அப்பா காலத்தில் தெருவில் நின்று இசக்கி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இசக்கிமுத்து, இசக்கியப்பன், இசக்கிபாண்டி, இசக்கியம்மாள் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வைத்தார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நெய்யாற்றங்கரைத் தமிழன்:

பிச்சி அண்ணாச்சி சொன்னதோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு, ஆனால் பயமே இல்லாத சாமி என்பது போலச் சொல்லிவிட முடியாது. நீலி கதை யாருடையது? இசக்கி கதையாக வில்லுப்பாட்டில் பாடுவதே அதைத்தானே. போன பிறவியில் தன்னை நம்பவைத்துக் கொன்றவனை மறுபிறவியில் தேடி வந்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபையில் நியாயம் கேட்டுப் பழி முடிக்கிறாள். அவள் கையில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கதையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சில கோயில்களில் பிள்ளையை வாயில் கவ்வியபடிகூடச் சிலை இருக்கிறது.

இந்தக் கேரளப்புறத்திலும் கோயிலில் உபதேவதையாக யட்சி உண்டு, விளக்கு வைக்கிறார்கள், கும்பிடுகிறார்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொன்ன யட்சி வேறு. ஏழிலைப்பாலை மரத்தில் இருப்பாள், ராத்திரி வழியில் தனியாகப் போகிற ஆம்பிளையிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவனுடைய பல்லும் நகமும்தான் காலையில் மிச்சம். கள்ளியங்காட்டு நீலி கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கத்தில்தான் இருக்கிறது. மலம்புழா அணைப் பூங்காவில் 1969இல் கானாயி குஞ்ஞிராமன் வடித்த பெரிய யட்சி சிலையைப் பார்த்தவர்களுக்கு யட்சி என்றதும் அந்த உருவம்தான் ஞாபகம் வரும். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குக் கைக்குழந்தையை அந்தப் பெயரில் கூப்பிட நாக்கு வராது. உங்கள் நாத்தனாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள் அவளிடம். 1956 நவம்பர் 1 வரைக்கும் புளியரையும் புனலூரும் ஒன்றாகத்தான் இருந்தன, முதலில் திருவிதாங்கூரில், 1949இலிருந்து திருவிதாங்கூர்-கொச்சியில். ஒரே ராஜ்ஜியத்தில் ஒரே தெய்வத்தை மலைக்கு ஒருபுறம் கதையில் வைத்துப் பயந்தார்கள், மறுபுறம் பயந்துகொண்டே பிள்ளைக்குப் பெயராகவும் வைத்தார்கள். சுடலை, பேச்சி, மாடன் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். பிள்ளை தங்காத வீட்டில் உக்கிரமான சாமி பெயரை வைத்தால் வேறு எதுவும் கிட்டே வராது என்ற நம்பிக்கை. உங்கள் அம்மா நேர்ந்ததும் அதனால்தானே.

எசக்கி:

நான் இசக்கியம்மாள். அம்பாசமுத்திரம் பக்கம், இப்போது பெங்களூரில் வேலை. பெயரைச் சுமக்கிறவள் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்தவரைக்கும் அது பெயர், அவ்வளவுதான். ஆறாம் வகுப்புக்கு டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தபோதுதான் முதல்தடவையாக அது ஒரு அடையாளம் என்று தெரிந்தது. வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் ஒரு டீச்சர் சின்னதாக நிறுத்துவார், பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். அர்த்தம் தெரிந்து சிரிக்கவில்லை, யட்சி கதை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பட்டிக்காட்டுப் பெயர், தெற்கத்திப் பெயர், பலி கொடுக்கிற சாமியைக் கும்பிடுகிற வீட்டுப் பெயர், அதுதான் சிரிப்பு. பெயரைக் கேட்டதுமே ஊர் எது, என்ன ஆட்கள் என்று அடுத்த கேள்வி மனசுக்குள் ஓடுவது முகத்திலேயே தெரியும். எங்கள் ஊரில் எத்தனையோ சாதிக்காரர்கள் கொடை (கோயில் திருவிழா) எடுத்துக் கும்பிடுகிற சாமி, ஆனால் வெளியே போனால் இந்தப் பெயருக்கு ஒரு படி கீழே இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பெயர் அருகிப் போனதற்கு என்னைக் கேட்டால் இதுதான் காரணம். சாமி மேல் நம்பிக்கை குறையவில்லை, கொடைக்கு முன்னைவிடக் கூட்டம்தான். என் தம்பி மகளுக்கு ரெக்கார்டில் ஸ்ரீயும் ஷாவும் சேர்ந்த ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது இசக்கி. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இப்படித்தான் பெயர் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

எனக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வாய்ப்பு வந்தது, பத்தாம் வகுப்புக்கு முன்னால் அப்பாவே கேட்டார். வேண்டாம் என்றேன். இன்றைக்கு ஆபீசில் எசக்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அந்தக் கட்டடத்தில் வேறு எசக்கி கிடையாது, ஒருதடவை கேட்டவர்கள் மறப்பதில்லை. பெயரால் பிள்ளைக்குக் கஷ்டம் வருமா என்றால் ஆறாவது, ஏழாவதில் கொஞ்சம் வரலாம். அந்த நேரத்தில் வீட்டில் அம்மாவும் அப்பாவும் அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்ல வேண்டும். நீங்களே தயங்கித் தயங்கிச் சொன்னால் பிள்ளையும் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

புளியரைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எசக்கி அக்கா எழுதியதை வீட்டுக்காரரும் இரண்டுதடவை படித்தார். மாமியாரிடம் சிதறால், மாதரி கதையெல்லாம் சொன்னேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வெறும் இசக்கி என்று இல்லாமல் இன்னொரு பெயரோடு சேர்த்து வைக்கலாமா? இசக்கிப்ரியா, இசக்கிலட்சுமி இப்படி. இன்னொன்று, ஆங்கிலத்தில் ஐ (I) போட்டு எழுதுவதா, ஈ (E) போட்டு எழுதுவதா? பெரியப்பா ஈ போட்டுத்தான் எழுதுவார்.

தோவாளைப் பிச்சி:

சேர்த்து வைக்கலாம், தாராளமாக. முத்து, பாண்டி, அம்மாள் எல்லாம் அப்படிச் சேர்ந்து வந்ததுதானே. நேர்ச்சைக்குப் பெயரில் இசக்கி இருந்தால் போதும். காதில் மூன்றுதடவை சொல்லும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள். ஆனால் வீட்டுப் பெயர் ஒன்று, ரெக்கார்டு பெயர் ஒன்று என்று மட்டும் பிரிக்காதீர்கள், பிரித்தால் கூப்பிடுகிற பெயர் கொஞ்ச நாளில் காணாமல் போய்விடும்.

எழுத்து: நம் பேச்சில் எசக்கி என்று வருவதால் தென்மாவட்டத்தில் ஈ போட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். எதைப் போட்டாலும் எல்லாக் காகிதத்திலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம், அதனால் அதில் எழுத்துப் பிசகினால் பின்னால் அலைச்சல். பெயர் போடாமல் பதிவு பண்ணியிருந்தால் ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கப்புறம் தாமதக் கட்டணம். புனலூரில் பதிகிறீர்கள் என்றால் மலையாளத்திலும் எழுதுவார்கள். கிளார்க் காதில் விழுந்தபடி எழுத விடாமல் நீங்களே ஒரு தாளில் மலையாளத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று மலையாளம், ஆங்கிலம் இரண்டிலும் ஒருதடவை சரிபார்த்துவிடுங்கள்.